இன்னும் துளி நிற்கிறது

சாயம் பூச எவ்வளவு நேரமாகும் என்றார்.
பத்து நிமிஷம் என்றேன்.
அப்ப நிக்கறேன் என்றார்.
அந்தப் பத்து நிமிஷம் வந்து சேர
ரெண்டு நாளாகுங்க என்றேன்.

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசிகளும் இறங்கி
லைன்மேட்டில் என் கடை முன்னால்
வண்டியை அணைக்காமல் நின்றார்.
காபி எஸ்டேட் மேனேஜர். கோதண்டம்,
ரசீதுக்காகக் கேட்ட பெயர்.
பழுப்புத் தோல்பை. கைப்பிடி மட்டும்
பிடித்துப் பிடித்துக் கறுத்திருந்தது.
முழுக்கக் கறுப்பாக வேண்டும்,
வியாழன் ராத்திரி ரயிலுக்குள்.

மேலாப்புல பூசினா பிடிக்காதா?
பிடிக்குங்க.
மழை பெஞ்சா உங்க சட்டையைப் பிடிக்கும்.

விற்பனைக்கு வரும் தோல் எதுவும் வெறும் தோல் இல்லை.
கம்பெனி ஒரு பளபளப்பைப் போர்த்தி அனுப்புகிறது.
அதன்மேல் ஆறேழு வருஷத்து மெழுகு,
மினுக்கும் ஸ்ப்ரே,
உள்ளங்கை எண்ணெய், உரசிய விபூதி.
அதில் முகம் பார்க்கலாம்.
சாயம் நுழைய வழி பார்க்க முடியாது.

கொக்கிகளைக் கழற்றிச் சோடா மூடியில் போட்டேன்.
சோப்பில் தண்ணீரை விட்டு நுரையை மட்டும் எடுத்தேன்.
பிறகு அசிட்டோன்.
ஜன்னல் திறந்தது, மின்விசிறி நின்றது,
பக்கத்துக் கடை சையது
பீடியை அணைத்துவிட்டு ஓரம் போனார்.

வட்டமாகத் தேய்க்கக் கூடாது.
வட்டத்தைச் சாயம் காட்டிக்கொடுக்கும்.
நேர்கோட்டில், ஒரே பக்கமாக.
முதல் பஞ்சு வெல்லப்பாகு.
ஐந்தாவது டீ.
பதினோராவது, அதே தூளில் இரண்டாம் தடவை போட்ட டீ.
கைப்பிடி மட்டும் முப்பது பஞ்சு தின்றது.

நானூறாம் நம்பர் உப்புத்தாள்,
ஈ உட்காரும் கனத்தில்.
காயப் போட்டது நிழலில்தான்.
சேலத்துச் சித்திரை வெயில்
மனுசத் தோலுக்கே ஆகாது.

அடுத்தது விரல்நுனியால் ஒரு சொட்டு.
சேம்பிலையில் போல உருண்டு நின்றால்
மறுபடி அசிட்டோன்.
நின்றது.
மறுபடி.

புதன்கிழமை சாயங்காலம் பார்க்க வந்தார்.
முகமெல்லாம் வேர்வை.
டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன்.
வாங்குகிற கை பாதி வழியில் கேட்டது,
உங்களுக்கு எந்தப் பக்கம்மா?
குகைங்க.
குகையில எந்தத் தெரு?
சொன்னேன்.

இப்பத்தான் வண்டியில குடிச்சேன் என்றார்.

டம்ளரை மேஜையில் வைத்தேன்.
வேலை முடிஞ்சுதா என்று
பையைப் பார்த்துக் கேட்டார்.
முன்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன்.
உடனே இறங்கி, கொஞ்சம் கருமையாய் விரிந்தது.
மூடியின் மடிப்பில் ஒன்று விட்டேன்.
பாருங்க, இங்க இன்னும் நிக்குது.
குனிந்து பார்த்தார்.
எதனால?
எப்பவோ பூசி வுட்டதுங்க.
கண்ணுக்குத் தெரியாது.

அவர் போனபின் அந்த மடிப்பிலேயே இருந்தேன்,
கரண்ட் போய், செல்போனை வாயில் கவ்வி.
மேலிருந்த டம்ளர்
ராத்திரி முழுக்க அங்கேயே நின்றது.
காலையில் விளிம்பில் ஒரு எறும்பு.

சாயத்துக்கு முன் தோலை ஒருசீராக ஈரமாக்க வேண்டும்,
இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் குடிக்கும்.
குழாய்க்குப் போகவில்லை.
டம்ளரில் இருந்ததில் ஸ்பாஞ்சை நனைத்தேன்.
முன்பக்கம், பின்பக்கம், மடிப்பு, கைப்பிடி.
எல்லாம் குடித்தது.
டம்ளர் காலி.

முதலில் நீலம்.
நல்ல கறுப்புக்கு அடியில் நீலம் இருக்கும்.
அப்புறம் கறுப்பு, பத்து நிமிஷம்,
சொன்னேனே.

ஏழு மணிக்கு வந்தார்.
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து
விரலைப் பார்த்தார். சுத்தம்.
பரவாயில்லையே என்றார்.
ஸ்கேன் செய்தார். பெட்டி கத்தியது,
எண்ணூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது.
கைக்கும் கைக்கும் வேலையில்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஸ்டேஷன் பக்கம் திரும்பினார்.
வெள்ளைச் சட்டை.
ஒட்டாது.