டக்

மூன்று துண்டு ஷேக்கர் வேண்டாம் என்றேன்.
"அழகாக இருக்கிறதே" என்றார் ஓசியேல்,
கடை விளக்கில் அதைத் திருப்பிக் காட்டி.
அழகுதான்.
பனிக்கட்டி உள்ளே போனதும்
தொப்பியை இறுக்கிக்கொள்ளும்,
கோபத்தில் வாய் மூடிய ஆள் மாதிரி.
வெந்நீரில் பிடி, மேசை விளிம்பில் தட்டு,
கடைசியில் ரெனாட்டோவைக் கூப்பிடு:
பதினோரு வருடம் என் பிஸ்கோ சவருக்கு
இன்னொருவர் மணிக்கட்டு தேவைப்பட்டது.

கண்ணாடி டம்ளர் பொருத்தியது?
என் சமையலறையில் கல் தரை.
வால்பராய்சோவில்
குலுங்குவது ஷேக்கர் மட்டுமல்ல.

பிறகு எடுத்தார் இரண்டு எஃகுக் கிண்ணங்கள்.
ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று, கொஞ்சம் சாய்வாக.
தண்ணீர் ஊற்றுங்கள் என்றேன்.
புருவத்தை உயர்த்தினார், ஆனாலும் ஊற்றினார்.
தோளுக்கு மேல் தூக்கிக் குலுக்கினேன்,
பின்னால் நின்ற மாலுமி இரண்டடி விலகினான்.
ஒரே ஒரு சொட்டு, சட்டைக் கையில்.
போகட்டும்.
உள்ளங்கை அடியால் பக்கவாட்டில் ஒரு தட்டு.
டக்.
திறந்துகொண்டது.
மறுபடி மூடினேன். மறுபடி டக்.
விலை கேட்க மறந்தே போனது.

இரவு
எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, பிஸ்கோ,
ஒரு முட்டையின் வெள்ளை.
கை வலிக்கும்வரை குலுக்கினேன்.
கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல்
இருமிக்கொண்டிருந்தது.
பழக்கத்தில் இரண்டு கோப்பைகளை எடுத்திருக்கிறேன்.
சரி என்று இரண்டிலும் ஊற்றி
இரண்டையும் நானே குடித்தேன்.
ரெனாட்டோவின் பங்கில்
புளிப்பு கொஞ்சம் தூக்கல்.