மாடியில் தையல் வகுப்பு

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
உரக்கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால்
‘மகளிர் தையல் பயிற்சி’ என்று பலகை.
பொய்யில்லை.
ஆறு மெஷின் இருக்கிறது. இரண்டு தைக்கும்.
மற்ற நான்கும் சத்தத்துக்கு.

யூரியா வாடை புடவையில் ஏறிவிடும்.
நல்லதுதான்.
எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டால்
உரம் விலை கேட்கப் போனேன் என்று சொல்லலாம்,
முந்தானை சாட்சி.

வருகிறவள் முதலில் பேசுவது துணியைப் பற்றித்தான்.
கை பிடிக்கிறது.
கழுத்தை இறக்காதே, மேலேயே வை.
முதுகு மூடியிருக்கட்டும்.
கமருன்னிசா டேப்பை எடுப்பாள்.
வைப்பதற்கு முன்பே தோள் சுருங்கினால்
டேப்பை மடித்துவிட்டு டீ சொல்லுவாள்.
டீ வரும்வரை கேள்வி கிடையாது.
எங்களிடம் இருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

அளவு நோட்டில் கட்டம் போட்டிருக்கிறது:
தோள், மேல்கை, முதுகு, இடுப்பு.
அங்குலம் எழுதியிருக்கும்.
எதன் அங்குலம் என்று எழுதியிருக்காது.
வக்கீல் ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டு
இது கோர்ட்டில் நிற்காதே அம்மா என்றார்.
தேதி இருக்கிறது சார், என்றாள் ரோஸ்லின்,
நிற்கிறவரை நிற்கட்டும்.

உதவி எண், உதவி மையம், ஜீப், எல்லாம் உண்டு.
மேட்டூர் திறந்தாயிற்று என்று
பேப்பரில் பூத்தூவுகிற படம் வருமே,
அதுபோல.
கடைமடையில் நிற்பவள்
வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.
நாங்கள் வாளியில் மொண்டு போகிறவர்கள்.
வழியில் பாதி சிந்தும்.

போன மாசியில் வந்தவளுக்குப் பத்தொன்பது வயது.
கொள்முதல் நிலையத்தில் சிதறின நெல் கூட்டுகிறவள்.
சாக்கு அடுக்குக்குப் பின்னால் நடந்ததை
ஸ்டேஷனில் நின்று வரிசையாகச் சொல்லியிருக்கிறாள்,
அழாமல்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால்
நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள்.
கண்ணில் ஈரம் போதவில்லை என்று
இவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.
மறுபடி கூட்டிப்போனோம்.
பெஞ்சில் ஏழு மணி நேரம்.
எட்டாவது மணியில் எழுதிக்கொண்டார்கள்.
வெளியே வந்து பரோட்டா கேட்டாள்,
மூன்று தின்றாள்.
அழுதது கமருன்னிசா.

எல்லாம் இப்படி முடியாது.
வலங்கைமானில் அக்கா வீட்டில் விட்டுவந்த பூங்கோதை
ஆடிக்கு முன்னால் அவனிடமே திரும்பிவிட்டாள்.
டேப்பைச் சுருட்டி வைத்தோம்.
அவள் பக்கத்தைக் கிழிக்கவில்லை.
கீழே காலி இடம் விட்டிருக்கிறது.

ஒருநாள் ஒருவன் தேடிக்கொண்டு வந்தான்.
கேட் சாத்திவிட்டான்.
அரிசி ஏற்றின கூட்ஸ், நாற்பத்திரண்டு பெட்டி,
அந்தப் பக்கம் அவன் ஹாரன் அடிக்க அடிக்க
அவசரமே இல்லாமல் போயிற்று.
அதற்குள் அவளும் இரண்டு பிள்ளைகளும்
உரக்கடை குடோன் வழியாக மன்னார்குடி பஸ்ஸில்.
கடைக்காரர் ரெத்தினவேலு
மாடியில் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.
பின் ஷட்டரை மட்டும் முழங்கால் உயரத்துக்குத்
தூக்கியே வைத்திருப்பார்.
வாடகையும் ஏற்றவில்லை என்று எழுத ஆசை.
ஏற்றினார். ஐந்நூறு.

பழைய தமிழில் தையல் என்றால் பெண்ணாம்.
ரோஸ்லின் சொன்னாள், முன்பு டீச்சர்.
பெயிண்ட் உதிர்ந்த பலகையில் ‘பயிற்சி’ அழிந்துவிட்டது.
திரும்ப எழுதவில்லை.

நோட்டில் பதினோராம் பக்கம் என்னுடையது.
புருவத்துக்கு மேல் நான்கு தையல்,
அது ஆஸ்பத்திரியில் போட்டது.
தைக்கத் தெரியுமா என்று அன்றைக்குக் கேட்டார்கள்.
தெரியாது என்றேன்.
இன்றைக்கும் எனக்கு நேர்க்கோடு வராது.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம்.
ஆணா பெண்ணா என்று தெரிகிறவரை
மிதிக்கிறோம்,
ஊசி நூல் இல்லாத
நான்கையும் சேர்த்து.