சேதாரம்

முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.
அப்புறமும் ஒருமுறை பவர் பட்டனை அழுத்த,
உள்ளே தங்கியிருந்த கொஞ்சநஞ்ச மின்சாரம்
விசிறியை அரைச்சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

செவ்வாய்ப்பேட்டையில் மாடி அறை எனக்கு.
கீழே மாதேசு அண்ணனின் கொலுசுப் பட்டறை.
அவர்கள் செய்வதை நான் படம் எடுப்பேன்:
வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, ஒரு கொலுசு,
அப்புறம் இன்னொரு கொலுசு.
பதினோராயிரம் டிசைன் ஆகிவிட்டது.
பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு மெட்டிக்குக்கூட இடமில்லை,
இரண்டு மாதமாகப் பட்டை சிவப்பில் நிற்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
அடை அடையாய்த் தூசி.
ஊதப் போனேன்.
"ஊதிராத தவமணி!"
படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.
ஒரு காகிதத்தை விரித்து
பிரஷ்ஷால் கூட்டி எடுத்தார்
விசிறி இறக்கையிலிருந்து, ராம் இடுக்கிலிருந்து.
"பட்டறைக்கு மேல இருக்கிற பொட்டி.
ஆறு வருசம் மூச்சு இழுத்திருக்குது.
எத்தன மில்லி வெள்ளி இருக்குதோ இதுல."
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
தூசி வாங்குகிறவர் வியாழக்கிழமை வருவார்.

பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையை ஆற்றிக்கொண்டு
புது டிஸ்கை உறையிலிருந்து எடுத்தேன்.
அவர் வாங்கி உள்ளங்கையில் ஏந்தி
"அறுநூறு கிராம்" என்றார்.
அறுநூற்றுப் பத்து.

நாலு திருகு வேண்டும், மூன்றுதான் இருந்தது.
கீழே போய் ஒரு கை நிறையத் திருகாணி அள்ளி வந்தார்.
ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தோம்.
மரை வேறு.
கொலுசின் மரைக்கும் கம்ப்யூட்டரின் மரைக்கும்
எந்த ஊரிலும் சம்பந்தம் ஆகாது போல.

கேபிளின் வாய் 'ட' போல வளைந்தது,
ஒரு பக்கமாகத்தான் போகும்.
போனது. க்ளிக்.

திரையில் டிஸ்க் இல்லை.
கேபிளை மாற்றவில்லை, பதறவும் இல்லை,
தேடிப் போனால் கறுப்புப் பட்டையாய்ப் படுத்திருந்தது,
'ஒதுக்கப்படவில்லை' என்று.
இரண்டு முறை சொல்லி எது என்று கேட்டது.
பழையதைத் தொட்டிருந்தால்
பாதி இடம் கணக்கிலேயே வந்திருக்காது.
புதியதைத் தொட்டேன். எழுத்துக் கொடுத்தேன்.
பெயர் கேட்டதற்கு 'வெள்ளி இரண்டு' என்று அடித்தேன்.

தோளுக்குப் பின்னாலிருந்து மாதேசு அண்ணன்:
"மூணு புள்ளி ஆறு மூணுன்னு காட்டுது.
நாலுன்னுதான வாங்குன?"
"நாலுதான். டப்பாவுல ஆயிரம் கணக்கு,
உள்ள ஆயிரத்து இருபத்து நாலு கணக்கு."
கொஞ்சநேரம் பேசவில்லை அவர்.
"சேதாரம்னு சொல்லு" என்று இறங்கிப் போனார்,
ஏமாந்தவளைப் பார்க்கிற கண்ணோடு.

ராத்திரி எல்லாம் நகல் ஓடியது.
திருகில்லாத மூலையில் டிஸ்க் அதிர்ந்து
கிணுகிணுவென்று ஒரு சத்தம்.
பழைய சிட்டை ஒன்றை நாலாய் மடித்துச் செருகினேன்.
நின்றது.
நின்றதும் பயம்.
தகட்டில் உள்ளங்கையை வைத்தேன், சூடு இருந்தது,
சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சத்தமில்லாத கொலுசு கேட்டு வருகிறவர்கள் உண்டு,
ஆபீஸ் போகிறவர்கள்.
படம் எடுக்கும் முன்
அவற்றையும் ஒருமுறை குலுக்கிப் பார்ப்பேன்.

நாளைக்கு ஐந்து ரோட்டில் திருகு கிடைக்கும்.
சிட்டையை உருவிவிட்டேன்.
கிணுகிணுவென்று
எட்டாயிரத்து நூற்றி மூன்று
போய்க்கொண்டிருந்தது.