கலம் பதினொன்று

மேல்முறையீடு என்று எழுதியிருந்தார்.
'மேல்' முடிந்து 'முறையீடு' தொடங்குமுன்
நின்று மூச்சு வாங்கியதுபோல் ஓர் இடைவெளி.

டில்லிபாபு, தீயணைப்போர், குடியாத்தம் நிலையம்.
மருத்துவ ஓய்வூதியம் மறுக்கப்பட்டது குறித்து.
கோப்பு என் மேசைக்கு வந்தது கத்திரி வெயிலில்.
வேலூரில் அப்போது மின்விசிறி சுற்றுவது
சூட்டை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கத்தான்.

முதலில் நாள் கணக்கு. அதுதான் வழக்கம்.
தொண்ணூறு நாளுக்குள் வந்திருக்க வேண்டும்,
வந்தது நூற்றியோராம் நாள்.
பதினொரு நாள் எங்கே போயிற்று என்பதற்கு
ஆக்சிஜன் உருளை வாடகை ரசீது ஒன்றை
குண்டூசியில் குத்தி வைத்திருந்தார்.

அடுத்து, அடுக்கம்பாறையில் கூடிய மருத்துவக் குழு.
மூன்று கையெழுத்து, ஒரே முடிவு:
நுரையீரல் பாதிப்பு உண்மை.
காரணம் புகைப்பழக்கம், பணியன்று.

அதற்கடியில் நிலையக் குறிப்பேட்டின் நகல்.
பேர்ணாம்பட்டுத் தோல் கிடங்கு, இரவு இரண்டு பத்து.
சல்பைடு பீப்பாய்கள் பதினான்கு.
முகமூடி இரண்டு, ஆட்கள் ஐவர்.
ஐவரும் உள்ளே சென்றனர்.
ஐந்து நாற்பதுக்குத் தீ அடங்கியது.
உயிர்ச்சேதம் இல்லை.

நேர்விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தோம்.
எங்கள் அலுவலகம் மாடியில். இருபத்திரண்டு படி.
ஒரு காலத்தில் ஏணியில் ஆளைத் தோளில் போட்டு இறங்கியவர்
நாலு இடத்தில் நின்று ஏறி வந்தார்.
பின்னால் மனைவி மல்லீஸ்வரி,
இலைக்கட்டு வைத்த ஒயர் கூடையோடு.

"இன்னா மேடம், இவுரு எப்போ பீடி குடிச்சாரு?
சுத்துறது நானு. கல்யாணம் ஆன நாளா சுத்துறேன்.
ஆயிரத்துல ஒண்ணு கொறஞ்சாலும் காண்ட்ராக்டர் கேப்பான்.
இவுரு கை வெச்சிருந்தா எனக்குக் கணக்கு ஒதைச்சிருக்காதா?"

அவர் பேசவில்லை.
பேச்சைப் படி இறங்குவதற்கு மிச்சம் பிடித்திருந்தார்.

மூலப் படிவத்தைத் தேடி எடுத்தேன்.
கலம் பதினொன்று, பழக்கவழக்கங்கள்:
பீடி – வீட்டில்.
கலம் பன்னிரண்டு, குடும்பத்தின் பிற வருமானம்:
காலி.

'டி'யின் கொக்கியை அப்படி மேலே இழுப்பவள்
இந்த அலுவலகத்தில் ஒருத்திதான்.
அன்று வரிசை வாசல்வரை நின்றிருக்கும்.
வேறு வருமானம் உண்டா என்று கேட்டிருப்பேன்,
முகம் பார்க்காமல்.
வீட்ல பீடி என்றிருப்பார்.
பேனா ஒரு கோடு மேலே இறங்கியிருக்கிறது.
அரை அங்குலம்.
அந்த அரை அங்குலத்தைப் பிடித்துக்கொண்டுதான்
மூன்று மருத்துவர்கள் முடிவுக்கு ஏறியிருக்கிறார்கள்.

கண்காணிப்பாளர் நாதமுனி நல்ல மனிதர்.
"பிழையாகப் பதியப்பட்டுள்ளதுன்னு போடுங்கம்மா.
யாரால்னு எவனும் கேக்க மாட்டான்" என்றார்.
கேட்க மாட்டார்கள்தான்.
பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன்,
பரிசீலிக்கப்பட்டது, கோரப்பட்டது, நிராகரிக்கப்பட்டது.
எங்கள் தமிழில் வினை உண்டு,
செய்தவர் கிடையாது.

நான் பிழையாகப் பதிந்தேன் என்று எழுதினேன்.
பச்சைக் குறிப்புத்தாளில் அந்த 'நான்'
அணிவகுப்பில் சீருடை இல்லாமல் வந்தவள்போல் நின்றது.
இரண்டுமுறை அடிக்கப் போனேன்.
கடைசியில் தாமதத்தைப் பொறுத்தருள ஒரு பத்தி,
மறுகுழு கூட்ட ஒரு பத்தி சேர்த்து
அப்படியே மேலே அனுப்பினேன்.

குழு ஆடியில் கூடலாம். கூடாமலும் போகலாம்.
அதற்குள் விளக்கம் கேட்டு எனக்கும் ஒரு தாள் வரும்.

சன்னல் வழியே, கீழே, வேப்பமரத்தடி.
மல்லீஸ்வரி இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக்
கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.
அவர் நூல்கண்டை மட்டும் பிடித்திருந்தார்,
இலையில் விரல் படாமல்.

குடியாத்தம் பேருந்து ஐந்து மணிக்கு.
நிறுத்தம் எதிரிலேயே இருக்கிறது.
நாலுக்கே எழுந்தார்கள்.