முழங்கைக்குக் கொஞ்சம் அதிகம்

எட்டு வருஷம் கடலில் இருந்தவனுக்கு
நீச்சல் தெரியாது என்பதை
கல்யாணமாகிப் பதினோராம் மாசம்தான் சொன்னான்
தேவசித்தம், கணியம்பாடிக்காரன்,
எரிமலைத் தீவுகளைச் சுற்றிவரும் படகில்
தட்டு கழுவி, துண்டு மடித்து,
தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குக்
கண்ணாடி முகமூடி எடுத்துக் கொடுத்தவன்.
"ஆமை இன்னா சைஸுன்னு
அவங்க கைய விரிக்கறத வச்சுதான் எனக்குத் தெரியும்."

சம்பள பாக்கிக்குப் பதிலாக வந்தவை
இரண்டு பழைய முகமூடி, வளைந்த மூச்சுக்குழாய் இரண்டு.
பரண்மேல் கிடந்தன,
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்.

இந்த ஐப்பசி மழைக்கு
ஊசூருக்கு மேற்கே குவாரி நிரம்பிவிட்டது.
கிரஷர் மூடி ஒன்பது வருஷம்.
வெட்டாமல் விட்ட இரண்டு பாறை மட்டும்
நடுத்தண்ணீரில் கறுப்பாக,
ஒன்றின் உச்சியில் எருக்கஞ்செடி.

ஞாயிறு. ஆராதனைக்குப் போகவில்லை.
வண்டியில் முன்னால் லாரி டியூப்,
பின்னால் நான், மடியில்
சோறும் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பும்.
குவாரி ஓரத்தில் ஆடு மேய்க்கிற பையன்:
"இன்னாக்கா அது, காஸ் மாஸ்க்கா?"

"கண்ணாடில எச்சி துப்பித் தேய்.
இல்லன்னா ஆவி படியும்."
ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம்.
தன்னுடையதில் துப்ப அவனுக்கு வாய் உலர்ந்திருந்தது.
இரண்டிலும் நானே துப்பினேன்.

டியூபைக் கட்டிக்கொண்டு
முகத்தை மட்டும் உள்ளே வைத்தான்.
முதல் மூச்சு விசிலாக வந்தது.
பத்தாவது மூச்சில் சீரானது,
எங்கள் டயாலிசிஸ் வார்டில்
விடியற்காலை மெஷின்கள் விடுகிற மாதிரி.

உள்ளே பச்சை.
பாறைச் சுவரில் வெடிக்குத் துளைத்த கோடுகள்
வரிவரியாய் இறங்கின.
துளைக்கொரு நண்டு குடித்தனம்.
லாரி இறங்கிய சரிவில் ஜிலேபிக் கெண்டை
தட்டுத் தட்டாய்க் குழிபறித்துக் காவல் நின்றது.
தண்ணிப்பாம்பு ஒன்று எங்களை விலக்கிக்கொண்டு
தன் வேலையைப் பார்க்கப் போனது.
"ஐயோ" என்று அவன் குழாய்க்குள் கத்தியது
மேலே "பூ" என்று வந்ததாம். பையன் சொன்னான்.

அப்புறம் அந்த விரால்.

முதலில் ஒரு சிவப்பு மேகம்.
குஞ்சுகள், ஐந்நூறு இருக்கும்,
மூச்செடுக்க மேலே வந்து கொதித்து
மறுபடி இறங்கின.
அடியில் தகப்பனோ தாயோ,
முழங்கை நீளம், எங்களையே பார்த்தபடி.
சுட்டிக்காட்ட
அவன் டியூபிலிருந்து ஒரு கையை எடுத்தான்.
எடுத்தது அவனுக்குத் தெரியாது.

நீர்க்காகம் பாறையிலிருந்து விழுந்தது.
மேலே கரியாயிருந்த பறவை
தண்ணீருக்குள் வெள்ளி, இறகெல்லாம் குமிழ்.
மேகத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது.
விரால் ஒரு சுற்று சுற்றியது.
மேகம் கூடிவிட்டது, கொஞ்சம் சின்னதாக.

மதியம் எருக்கஞ்செடிப் பாறையில் சோறு.
"இதுவும் ஒரு காலத்துல தீக்குழம்புதான்" என்றான்.
படகில் வழிகாட்டி தினமும் சொன்னது.
"அங்க வெடிச்சு மேல வந்துச்சு.
இங்க உள்ளயே ஆறிப்போச்சு."
நான் துளைகளைக் காட்டினேன்:
"அப்புறம் நாம வெடிச்சோம்."
சட்டியை அலசினபோது
கெண்டைக் குஞ்சுகள் வந்து கத்திரி விதை தின்றன.

கரைக்கு நாற்பது முழம்.
டியூபை என் பக்கம் தள்ளினான்.
"நீ புடிச்சுக்க."
பம்புசெட்டுக்காரர் கல்லெறிந்தும்
கிணறு கிணறாய்க் குதித்தவள் நான்.
ஒன்றும் சொல்லாமல் பிடித்துக்கொண்டேன்,
கை எட்டும் தூரத்திலேயே.
பக்கத்தில் ஒரு எருமை மாதிரி தண்ணீரை அடித்து,
பாதியைக் குடித்து,
கரைச் சேற்றில் நான்கு காலால் ஏறினான்.

"இன்னாண்ணா பாத்தீங்க?"

இருமல் அடங்கும்வரை பையன் காத்திருந்தான்.
பிறகு தேவசித்தம்
இரண்டு கையையும் விரித்தான்.