எர்த் குழி

பென்னாகரம் ரோட்டில் வாடகை வீடு.
ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் பாட்டுக்கு முன்னால்
ஒரு ‘ம்ம்ம்’ வந்து உட்கார்ந்துகொள்ளும்,
சீட்டுப் பணம் கேட்டு வந்தவர் மாதிரி.

ஒயரை மாற்றினேன்.
டிவி கேபிளைப் பிடுங்கினேன், பாதி குறைந்தது.
ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்ததில்
பால் திரிந்ததுதான் மிச்சம்.

மாதப்பன் வந்தார். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை.
நேரே கொல்லைக்குப் போய்
எர்த் கம்பியருகே குந்தினார்.
ஒரு பிடி மண்ணைக் கிள்ளி
உள்ளங்கையில் வைத்து ஊதினார். பறந்தது.

“கரி இருக்குது, உப்பு இருக்குது,
ஈரம்தான் இல்ல. சித்திரை வேற.
நாலு குடம் ஊத்துங்க.”
கை கழுவத் தண்ணீர் கேட்காமல்
பேண்டில் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

நாலு குடம்.
ஒகேனக்கல் தண்ணீர் வந்து ஆறு நாளாகிறது.
செல்லக்கிளி கதவில் சாய்ந்து நின்றாள்:
“குடிக்கிறதுக்கா, உங்க பாட்டுக்கா?”
நான் பதில் சொல்லவில்லை.
ஸ்பீக்கர் சொன்னது: ம்ம்ம்.

மறுநாள் அரிசி களைந்த தண்ணீர்
சிங்க்குக்குப் போகாமல் கொல்லைக்குப் போனது.
பிறகு பாத்திரம் அலசியது.
பிறகு பாப்பா குளித்தது, சோப்பு நுரையோடு.
ஊற்றியது அவள்தான்.
நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான்காம் இரவு
பாட்டுப் போடாமல்
வால்யூமைக் கடைசிவரை திருகினேன்.
ஒன்றுமில்லை.
பக்கத்து வீட்டில் யாரோ
காலிக் குடத்தைத் தரையில் இழுத்தார்கள்.

“போட்டுத் தொலைங்களேன்” என்றாள் உள்ளிருந்து.
கொஞ்சம் பொறு என்றேன்.
இதற்குத்தானே
இத்தனை தண்ணீர்.