பத்தொன்பதாம் சேனல்

எட்டாயிரம் அடி உயரத்தில்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு கம்பம்.
கிளிப்பிள்ளை மாதிரி அந்த ரிப்பீட்டர்:
ஓர் அலைவரிசையில் கேட்கும்,
கேட்ட கணமே இன்னொன்றில் சொல்லும்.
கேட்பது ஐந்து வாட் முனகல்,
சொல்வது நூறு வாட் முழக்கம்.
தன் குரல் தன் காதிலேயே விழாதபடி
நடுவே சில செம்புக் குடுவைகள்
வடிகட்டி நிற்கும்.
நெவாடாவின் இந்த மூலையில்
மலைக்கு இந்தப் பக்கத்துப் போலீஸும்
அந்தப் பக்கத்துப் போலீஸும்
பேசிக்கொள்வது அதன் தயவில்.

நான் இழுவை வண்டிக்காரி, க்ராசியானா உரியார்தே.
என் ஆட்கள் ஆடு மேய்க்க வந்த பாஸ்குகள்;
நான் கவிழ்ந்த கார் மேய்க்கிறேன்.
டாஷ்போர்டில் ஸ்கேனர்.
இரவெல்லாம் சேனல் சேனலாக ஓடும் சிவப்பு எண்கள்.
"மைல்கல் நாற்பத்தேழு, ஒரு வண்டி, உருண்டிருக்கிறது."
ஐயோ என்பேன், சாவியைத் திருகுவேன்.
ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான்,
தெரியும்.
ஓநாய்க்கும் தவணை இருக்கிறது, டீசல் இருக்கிறது.

மலை சொல்வதை எல்லாரும் கேட்பார்கள்.
இரண்டு வண்டி வைத்திருக்கும் வெண்டல் ப்ரூக்கியும் கேட்பான்.
நான்
மலை கேட்பதையும் கேட்பேன்.
அதுதான் பத்தொன்பது:
போலீஸ் வண்டியிலிருந்து கொட்டகைக்கு
ஏறிப் போகும் அலை.
அது என் ஆன்டெனாவில் தட்டுப்பட்டால்
ஆள் கிட்டத்தில்தான், இடையில் மேடு இல்லை.
வெண்டல் பூட்ஸ் மாட்டுமுன்
நான் கொக்கி மாட்டியிருப்பேன்.
பதினோரு வருடம், ஒருவரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஓர் இரவு உறைமழை.
முள்வேலியெல்லாம் கண்ணாடிக் குழல்.
எண்கள் ஓடின, ஓடின, எங்கும் நிற்கவில்லை.
வியாபாரம் இல்லை என்று கண் சொக்கினேன்.
இரண்டேகாலுக்குப் பத்தொன்பது திறந்தது.
"கண்ட்ரோல், நாற்பத்தொன்று."
ஆரின் டோல்மன். போன மாதம்தான்
எனக்கு டிக்கெட் எழுதினான்.
பதில் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.
பேசி முடித்ததும் மலை வாய் மூடுமே
ஒரு சின்ன 'க்ஷ்', அதுவும் இல்லை.
"வண்டி ஓடையில். கால் மாட்டியிருக்கிறது. கண்ட்ரோல்."
மறுபடி, எண்ணை மட்டும்.

மேலே கிளி செத்துக் கிடந்தது.
அவனுக்குத் தெரியாது.
தெரிந்த எனக்கோ வாய் இல்லை:
ஸ்கேனர் வெறும் காது.

போனில் லவோன்:
"நாற்பத்தொன்று எதுவும் பேசவில்லையே."
"பேசுகிறான்."
"எங்களுக்குக் கேட்கவில்லை."
"எனக்குக் கேட்கிறது" என்றேன்.
பதினோரு வருட ரகசியம் அதோடு போயிற்று.
பிறகு அவன் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்,
கூட்டாமல், குறைக்காமல்,
அவன் மூச்சு வாங்கிய இடத்தில் நானும் நிறுத்தி.
எந்த ஓடை என்று அவன் சொல்லவில்லை.

இரைச்சலை முழுதும் திறந்துவிட்டு ஓட்டினேன்.
அவன் குரல் வந்தால் இரைச்சல் விலகும்;
சுரங்கச் சாலையில் குரல் மங்கியது, திரும்பினேன்;
பாலத்தருகே 'நாற்பத்தொன்று' முழுசாக வந்தது.
அப்புறம் பேச்சு நின்றுவிட்டது.
பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தான்.
அப்போது வருவது வெறுமை அல்ல;
இரைச்சலை அப்படியே தள்ளி வைக்கும்
ஒரு கனத்த மௌனம்.
அந்த மௌனம் எங்கே தடித்ததோ
அங்கே பிரேக் போட்டேன்.
கீழே ஒற்றை முகப்பு விளக்கு
தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது.

என் பில் புத்தகத்தில் 'அழைத்தவர்' என்று ஒரு கட்டம்.
'அவ்வழியே வந்தேன்' என்று
வழக்கமாகப் பொய் எழுதுவேன்.
அன்று டோல்மன் என்று எழுதினேன்.

கவுண்டி பணம் கொடுக்க நான்கு மாதம் ஆயிற்று.
வெண்டலின் ஸ்கேனரிலும் இப்போது
பத்தொன்பது இருக்கிறதாம்.